புகைக் கரியும் பிள்ளைப்பேறும்: காபன் நனோத் துணிக்கைகள் பற்றி நாங்கள் அறிந்திருக்க வேண்டியவை

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்யும் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்றானது. அதன் பிறகு குடாநாட்டிலும் வன்னியிலும் வளர்ந்த பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தார்கள். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவுக்கு எண்ணெய், ஒரு சின்னத் திரி. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து உறவினர் வீடுகளிலும் பாடசாலைகளிலும் தங்கிய கரம்பொன், வேலணை, ஊர்காவற்றுறைக் குடும்பங்களுக்கும் அதே வெளிச்சம்தான். விடிய எழும்பி மூக்கைச் சிந்தினால் கரி வரும். ஷெல்லுக்கும் பொம்பருக்கும் பயந்த காலத்தில் விளக்குக் கரிக்குப் பயப்பட யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அந்தக் கரி இன்று ஆய்வுகூடங்களில் 'காபன் நனோத் துணிக்கை' என்ற பெயரில் ஆராயப்படுகிறது. அது மூச்சுவழி உடலுக்குள் போய், பிள்ளைப்பேற்றுக்கு அடிப்படையான மூலக்கலங்களைத் தாக்குமா என்பது கடந்த இருபது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் கேட்டுவரும் கேள்வி.

இந்தக் கேள்வி எங்களுக்குத் தூரத்து விஞ்ஞானம் அல்ல. போருக்குப் பிறகு எங்கள் ஊர்களில் பிள்ளை இல்லாத தம்பதியரின் காதில் இரண்டு விதமான பேச்சு விழும். "குண்டுப் புகையைச் சுவாசித்த உடம்பு, இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்பது ஒன்று. "பெட்டையிலைதான் குறை" என்பது மற்றது. முதலாவது பேச்சு சிகிச்சைக்குப் போகாமல் தடுக்கிறது. இரண்டாவது ஒரு பெண்ணின் வாழ்வையே குலைக்கிறது. ஆய்வுகள் காட்டுவது இந்த இரண்டையும் அல்ல.

காபன் நனோ என்றால் என்ன?

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு நனோமீற்றர். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். 100 நனோமீற்றருக்குக் குறைந்தவற்றையே நனோத் துணிக்கை என்கிறார்கள். விளக்குக் கரி, டீசல் புகை, விறகுப் புகை ஆகியவற்றில் உள்ள அடிப்படைக் கரியுருண்டைகள் பெரும்பாலும் 10 முதல் 50 நனோமீற்றர் விட்டம் உடையவை. அவை சங்கிலியாக ஒட்டிக்கொண்டு புகையாகப் பறக்கின்றன.

தொழிற்சாலைகளில் வேண்டுமென்றே செய்யப்படும் காபன் நனோப் பொருள்கள் வேறு. டயருக்குக் கறுப்பு நிறமும் உறுதியும் கொடுக்கும் 'காபன் பிளாக்', மின்கலங்களிலும் விளையாட்டுக் கருவிகளிலும் சேர்க்கப்படும் காபன் நனோக் குழாய், ஓர் அணுத் தடிப்பேயுள்ள கிரபீன் என்பன அவற்றில் முக்கியமானவை. கிரபீன் இலங்கைக்குப் புதிய சொல் அல்ல. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் உயர்தரக் காரீயத்திலிருந்து கிரபீன் எடுக்கும் வேலையை ஹோமாகமவில் உள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் செய்து வருகிறது.

தமிழர் வரலாற்றிலும் நனோக் காபன் உண்டு. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த, கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குரிய பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் காபன் நனோக் குழாய்கள் இருப்பதை வேலூர் வி.ஐ.ரி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் அறிவித்தார்கள். அந்தப் பானையில் சமைத்தவர்களுக்கு அதனால் கேடு வந்தது என்று யாரும் சொல்லவில்லை. பூச்சுக்குள் இறுகிக் கிடக்கும் காபன் மூச்சில் போகாது. தூசாக, புகையாகப் பறக்கும்போதுதான் அது உடலுக்குள் நுழைகிறது. இந்த வேறுபாட்டை மறந்தால் பென்சிலுக்கும் பயப்பட வேண்டிவரும்.

மூலக்கலங்கள் ஏன் முக்கியம்?

ஆணின் விதைக்குள் மெல்லிய சுருள் குழாய்கள் உள்ளன. அவற்றின் உட்சுவரின் அடியில் விந்து மூலக்கலங்கள் இருக்கின்றன. ஒரு மூலக்கலம் பிரிந்தால், தன்னைப் போன்ற மூலக்கலத்தையும் உண்டாக்கும். விந்தாக வளரப்போகும் கலத்தையும் உண்டாக்கும். இதனால்தான் ஆணுக்கு முதுமை வரை விந்து உற்பத்தி தொடர்கிறது. ஒரு விந்து முழுமையாக உருவாக ஏறத்தாழ 74 நாள் எடுக்கும்.

வளர்ந்துவரும் விந்துகள் கெட்டால் அது ஒரு போக விளைச்சல் கெட்டது போல. மூலக்கலம் உயிரோடிருந்தால் சில மாதங்களில் புதிய விந்து வரும். மூலக்கலமே அழிந்தால் விதை நெல்லே போன மாதிரி. மூலக்கலம் அழியாமல் அதன் டி.என்.ஏ.யில் பிழை விழுந்தால், அந்தப் பிழை அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு விந்திலும் தொடரலாம்.

விதைக்குள் இரத்தத்துக்கும் வளரும் விந்துக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு. இரத்தத்தில் வரும் பல பொருள்களை அது மறிக்கும். ஆனால் மூலக்கலங்கள் இருப்பது அந்தத் தடுப்புக்கு வெளியே, இரத்தத்தின் பக்கம். எனவே நுரையீரலைக் கடந்து இரத்தத்துக்கு வரும் துணிக்கை விந்தைவிட மூலக்கலத்தை எளிதாக அணுகலாம்.

பெண்ணின் நிலை வேறு. அவளுடைய முட்டைகளுக்கான கலங்கள் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடுகின்றன. கருவின் ஐந்தாம் மாதமளவில் 60 முதல் 70 இலட்சம் வரை இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சமாகக் குறைந்துவிடும். பிறந்த பிறகும் பெண்ணின் சூலகத்தில் மூலக்கலங்கள் இருக்கலாம் என்று 2004இல் எலிகளைக் கொண்டு அமெரிக்க ஆய்வாளர் ஜொனதன் டில்லியின் குழு சொன்னது. அது இன்னும் சர்ச்சையில்தான் இருக்கிறது. அதனால் பெண்ணைப் பொறுத்தவரை மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம் அவள் கருவில் இருக்கும் காலம். ஒரு கர்ப்பிணி புகையைச் சுவாசிக்கும்போது அங்கே மூன்று தலைமுறை இருக்கிறது: அவள், அவள் வயிற்றுப் பிள்ளை, அந்தப் பிள்ளைக்குள் உருவாகும் முட்டைகள்.

எலிகளில் கண்டவை

2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 14, 56, 95 நனோமீற்றர் அளவுடைய காபன் பிளாக் துணிக்கைகளை ஆண் சுண்டெலிகளின் மூச்சுக்குழாய் வழியாக, வாரத்துக்கு ஒரு தடவையாகப் பத்துத் தடவை செலுத்தினார்கள். விந்து உற்பத்தி குறைந்தது. விந்துக் குழாய்களின் சுவரில் வெற்றிடங்கள் தோன்றின. அடுத்த ஆண்டு அதே குழு கர்ப்பமான எலிகளுக்கு 14 நனோமீற்றர் துணிக்கையைக் கொடுத்தது. பிறந்த ஆண் குட்டிகள் வளர்ந்தபோது, 5, 10, 15 வார வயதுகளில் அவற்றின் விந்து உற்பத்தி மற்ற எலிகளைவிடக் குறைவாக இருந்தது. அந்தக் குட்டிகள் தாமாக ஒரு நாளும் அந்தத் தூசைச் சுவாசித்தவை அல்ல.

2010இல் சீனாவில் நடந்த ஆய்வில் காபன் நனோக் குழாய்கள் ஆண் எலிகளின் இரத்தத்தில் பல தடவை நேரடியாக ஏற்றப்பட்டன. குழாய்கள் விதைகளில் போய்ச் சேர்ந்தன. 15ஆம் நாளில் விந்துக் குழாயின் உட்சுவர் மெலிந்திருந்தது. ஆனால் 60ஆம், 90ஆம் நாள்களில் பார்த்தபோது சுவர் பழைய நிலைக்கு வந்திருந்தது. அந்த எலிகளோடு சேர்ந்த பெண் எலிகள் வழமை போலக் கருத்தரித்தன. மூலக்கலங்கள் தப்பியதால் விதை தன்னைத் தானே சரிசெய்துகொண்டது என்றே இதை விளங்கிக்கொள்ள வேண்டும். 2017இல் ஜெய்ப்பூரில் கிரபீன் ஒட்சைட்டைக் கொண்டு நடந்த ஆய்விலும் இதே போக்குத்தான். உயர்ந்த அளவில் விந்தின் எண்ணிக்கையும் அசைவும் குறைந்தன. நிறுத்திய பின் மீண்டன.

பாதிப்பைக் காணாத ஆய்வும் உண்டு. டென்மார்க் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் காபன் பிளாக், கிரபீன் ஒட்சைட், டீசல் கரி ஆகியன எலிகளின் மூச்சுக்குழாயில் வாரம் ஒரு தடவையாக ஏழு வாரம் செலுத்தப்பட்டன. நுரையீரல் அழற்சியடைந்தது. விந்தின் எண்ணிக்கையிலோ தரத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

எங்கள் கேள்விக்கு மிகக் கிட்ட வருவது கனடாவில் நடந்த ஆய்வு. அங்கே எலிகளுக்கு எதையும் ஊசியால் ஏற்றவில்லை. ஹமில்ரன் நகரில் உருக்காலைகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் அருகே எலிகளை வைத்து, அங்குள்ள சாதாரணக் காற்றையே சுவாசிக்கவிட்டார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே காற்று, நுண்ணிய துணிக்கைகளை வடிக்கும் வடிகட்டியூடாகக் கொடுக்கப்பட்டது. 10 வாரம் அந்தக் காற்றில் இருந்த பிறகு, மேலும் 6 வாரம் கழித்து விந்தைச் சோதித்தார்கள். எலிக்கு விந்து உருவாக ஏறத்தாழ 5 வாரம் போதும். ஆகவே சோதித்த விந்துகள், புகைக்காற்றில் இருந்தபோது மூலக்கலமாக இருந்தவற்றிலிருந்து வந்தவை. வடிகட்டாத காற்றைச் சுவாசித்த எலிகளில் டி.என்.ஏ. பிறழ்வு 1.6 மடங்கு அதிகமாக இருந்தது. வடிகட்டிய காற்றைச் சுவாசித்தவற்றில் அந்த உயர்வு இல்லை. 2008இல் வெளியான இந்த முடிவு இரண்டு விடயங்களைச் சொல்கிறது. காற்றிலுள்ள கரித் துணிக்கைகளும் அவற்றோடு வருபவையும் விந்து மூலக்கலம் வரை தாக்கம் செலுத்த முடியும். துணிக்கையை மறித்தால் அந்தத் தாக்கத்தையும் மறிக்கலாம்.

எப்படித் தாக்குகிறது?

நனோத் துணிக்கையின் மேற்பரப்பு அதன் எடையோடு ஒப்பிட மிகப் பெரியது. கலத்துக்குள் போனால் அங்கே தாக்குதிறன் கூடிய ஒட்சிசன் மூலக்கூறுகளைப் பெருக்கும். அவை கலமென்சவ்வையும் டி.என்.ஏ.யையும் அரிக்கும். நுரையீரலில் தங்கிய துணிக்கை அழற்சியை உண்டாக்க, அந்த அழற்சியின் சுரப்புகள் இரத்தத்தோடு விதைக்குப் போவது இன்னொரு வழி. துணிக்கை விதைக்குப் போகாமலே கேடு நடக்கலாம்.

புகைக் கரி தனியாக வருவதில்லை. எண்ணெய், பிளாஸ்ரிக், விறகு எரியும்போது உண்டாகும் நச்சு ஐதரோகாபன்களைத் தன் மேல் ஒட்டிக்கொண்டு வரும். இவற்றில் சில டி.என்.ஏ.யை நேரடியாகக் கெடுப்பவை. காபன் நனோக் குழாயில் அதைச் செய்யப் பயன்பட்ட இரும்பு, நிக்கல் போன்ற உலோக மிச்சங்கள் இருக்கும். நீண்ட விறைப்பான குழாய்கள் அஸ்பெஸ்டஸ் நாரைப் போல நடந்துகொள்கின்றன என்று 2008இல் ஓர் எலி ஆய்வு காட்டியது. 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஒரு வகை நனோக் குழாயை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்' என்ற பிரிவில் சேர்த்தது. டீசல் புகையை 2012இலேயே அந்த முகவரகம் 'புற்றுநோயை உண்டாக்கும்' என்ற முதற்பிரிவில் வைத்துவிட்டது.

மனிதரில் கண்டவை

2015இல் பாரிஸ் நகரில் ஆஸ்துமா உள்ள 69 பிள்ளைகளின் நுரையீரல் மாதிரிகளைப் பார்த்த ஆய்வாளர்கள், எல்லாவற்றிலும் காபன் நனோக் குழாய் போன்ற துணிக்கைகளைக் கண்டார்கள். அதே மாதிரியானவை வாகனப் புகையிலும் இருந்தன.

2019இல் பெல்ஜியத்தின் ஹசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நஞ்சுக்கொடியில், பிள்ளையின் பக்கத்திலேயே, கறுப்புக் காபன் துணிக்கைகளைக் கண்டார்கள். புகை கூடிய இடங்களில் வசித்த தாய்மாரில் ஒரு கன மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 20,000 துணிக்கைகள். புகை குறைந்த இடங்களில் வசித்தவர்களில் அதில் பாதியளவு. 2022இல் அதே குழுவும் ஸ்கொட்லாந்து ஆய்வாளர்களும் கருவின் ஈரல், நுரையீரல், மூளை ஆகியவற்றிலும் அத்துணிக்கைகளைக் கண்டார்கள்.

துணிக்கை போய்ச் சேர்கிறது என்பது இவற்றால் உறுதியாகிறது. போய்ச் சேர்ந்ததால் மலட்டுத்தன்மை வந்தது என்று இவை நிறுவவில்லை. எலிகளுக்குக் கொடுத்த அளவுகள் பெரியவை. கொடுத்த வழியும் பல ஆய்வுகளில் செயற்கையானது. ஆகவே "ஜாம் போத்தல் விளக்கில் படித்ததால் பிள்ளை இல்லை" என்று எவரும் எவருக்கும் சொல்ல விஞ்ஞானத்தில் இடமில்லை. அந்த விளக்கில் படித்த தலைமுறை பிள்ளைகளைப் பெற்று வளர்த்தும் இருக்கிறது. அதே நேரம், திரி விளக்கின் புகையை அற்பமென்று தள்ளவும் முடியாது. சாதாரணத் திரி விளக்கில் எரியும் மண்ணெண்ணெய்யில் 7 முதல் 9 சதவீதம், ஏறக்குறையத் தூய கறுப்புக் காபனாக வெளியேறுகிறது என்று 2012இல் வெளியான அளவீடு காட்டியது.

இன்று எங்கள் ஊர்களில்

விளக்குகள் மறைந்துவிட்டன. புகை மறையவில்லை.

விறகடுப்பு இன்றும் பல குசினிகளில் இருக்கிறது. பனைமட்டை, பன்னாடை, தென்னம்பாளை என்று எரிவது எதுவானாலும், புகைபோக்கி இல்லாத குசினியில் கரி முழுவதும் சமைப்பவரின் நெஞ்சுக்குள்தான்.

கரம்பொன் போன்ற ஊர்களில் பல வீடுகளும் வளவுகளும் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. திரும்பி வருபவர்களும், புலம்பெயர் உறவுகளின் காணியைத் துப்புரவு செய்பவர்களும் பற்றையோடு பிளாஸ்ரிக், பழைய டயர், ரெஜிபோம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்துவதைக் காணலாம். டயர் எரிந்தால் வருவது விறகுப் புகையைவிட மோசமான கரி.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்களுக்கு மின்சாரம் தந்தவை டீசல் மின்பிறப்பாக்கிகள். இந்த மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்று, மின்கலம் ஆகியவற்றைக் கலந்து மின்சாரம் தரும் திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடையோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்தச் செய்தியை நாங்கள் பெரும்பாலும் இந்தியா, சீனா போட்டியாகவே படித்தோம். டீசல் எரிவது எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குத் தீவு மக்கள் சுவாசிக்கும் கரியும் குறையும் என்ற கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நுளம்புத்திரியையும் விடக்கூடாது. ஒரு திரி எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துணிக்கை 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு கணித்தது. யன்னல் பூட்டிய அறையில், குழந்தைக்குப் பக்கத்தில் அதைக் கொளுத்தி வைப்பவர்கள் பலர். நுளம்பு வலை அதைவிட நல்லது.

செய்யக்கூடியவை

கர்ப்பிணியைப் புகையிலிருந்து விலக்குவது முதல் வேலை. அந்த மாதங்களில் விறகடுப்பில் சமைப்பதை வீட்டில் வேறொருவர் பொறுப்பெடுக்கலாம்; அல்லது அடுப்பை வெளியே, காற்றோட்டமான கொட்டிலுக்கு மாற்றலாம். புகைபோக்கி கட்டுவது முடிந்தால் அதுவே நிரந்தரத் தீர்வு.

டயர், பிளாஸ்ரிக் ஆகியவற்றைக் கொளுத்தாமல் பிரித்து, பிரதேச சபையின் கழிவு சேகரிப்புக்குக் கொடுக்க வேண்டும். சேகரிப்பு நடக்காத இடத்தில் அதைக் கேட்பது ஊர்ச் சங்கங்களின் வேலை.

வாகனத் திருத்தகம், மின்பிறப்பாக்கி, வெல்டிங், டயர் வேலைகளில் இருப்பவர்களும், வெளிநாடுகளில் மின்கலம், பெயின்ற், பிளாஸ்ரிக் தொழிற்சாலைகளில் காபன் தூளைக் கையாளும் எங்கள் பிள்ளைகளும் சரியான முகக்கவசம் கேட்டுப் பெற வேண்டும். துணி கட்டினால் போதாது. என்-95 வகை நனோத் துணிக்கையையும் நன்றாகப் பிடிக்கும். வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குவதைத் தவிர்க்கலாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் 2013இல் காபன் நனோக் குழாய்த் தூசுக்கு ஒரு கன மீற்றர் காற்றில் ஒரு மைக்ரோகிராம் என்ற எல்லையைப் பரிந்துரைத்தது. உலகில் எங்கே வேலை செய்தாலும் இந்த எண்ணைச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கலாம்.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் இருவரும் ஒன்றாகப் பரிசோதனைக்குப் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன கணக்கின்படி, ஆறு பேரில் ஒருவர் வாழ்வில் எப்போதாவது கருவுறாமையைச் சந்திக்கிறார். இத்தகைய தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரில் ஆணின் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளியது, வலி இல்லாதது. பெண்ணைப் பல சோதனைகளுக்கு அனுப்பிவிட்டு ஆண் வீட்டில் இருப்பதற்கு நியாயமில்லை.

பரிசோதனையில் விந்தின் எண்ணிக்கை குறைவென்று வந்தால், அந்த ஒரு தாளோடு நம்பிக்கையை விட வேண்டியதில்லை. வைத்தியரிடம் தொழிலையும் புகையையும் பற்றிச் சொல்லுங்கள். சிகரெட், சுருட்டு இருந்தால் நிறுத்துங்கள். இன்று உருவாகத் தொடங்கும் விந்து முழுமையடைய 74 நாள். அதனால் புகையிலிருந்து விலகி, குறைந்தது மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிப்பதில் அர்த்தம் இருக்கிறது. மூலக்கலங்கள் உயிரோடிருந்தால் விதை மீளும் என்பதை எலிகளின் 60ஆம் நாள் காட்டியது. மூன்று மாதத்துக்குப் பிறகும் எண்ணிக்கை உயராவிட்டால், அதற்கான அடுத்த சிகிச்சையை வைத்தியர் தொடங்கலாம். அதற்கு இருவரும் கிளினிக் வாசல்வரை சேர்ந்து போயிருக்க வேண்டும்.